பதினேழாம் பங்கேற்பாளர்

என்னால் சேர்ந்தாற்போல் கால் மணி நேரம் ஒரு நாற்காலியில் உட்கார முடியாது. நடுவில் எழுந்து ஜன்னல் வரை போய் வந்தால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா சொல்வாள். அந்தத் தண்ணீர் ஜாடியை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுங்கள். நான் பேசும்போது கை சும்மா இருக்காது, உங்கள் காகிதங்கள் நனைந்துவிடும்.

உங்கள் விசாரணைக் குழுவின் கேள்வி எனக்குப் புரிகிறது. என் ஆய்வுக் கட்டுரைகளில் என்னையே ஏன் இத்தனை தடவை மேற்கோள் காட்டியிருக்கிறேன் என்று கேட்கிறீர்கள். தன் முதுகைத் தானே தட்டிக்கொள்கிறாள் என்று புகார் எழுதிக் கொடுத்தவர் யாரென்றும் தெரியும். அவருடைய கட்டுரைகளை அவர் மனைவிகூடப் படித்ததில்லை, அதனால் அவருக்கு வயிற்றெரிச்சல் இருப்பது நியாயம்தான். புகாரில் உள்ள கணக்கு சரி. ஆனால் காரணம் அவர் நினைப்பது இல்லை. பெயர் பெற்ற என் கட்டுரைகள் எல்லாமே ஒரே ஆளைப் பற்றியவை. அப்படி ஓர் ஆள் உலகத்தில் வேறு எந்த உளவியல் துறையிடமும் கிடையாது. அப்படியிருக்க நான் வேறு யாரை மேற்கோள் காட்டுவது?

உங்களில் ஒருவர் வக்கீல் என்றார்கள். அவருக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்கள் தொழிலில் கட்டுரை எழுதுவது பெரிதில்லை. எழுதியதை நாலு பேர் தங்கள் கட்டுரையில் எடுத்துச் சொல்ல வேண்டும். அப்படி எடுத்துச் சொன்னால் ஒரு மேற்கோள். இணையத்தில் அவரவர் பெயருக்குக் கீழே அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும், அல்லது ஏறாமலே இருக்கும். பதவி, மானியம், மாநாட்டு மேடை, துறைத் தலைவர் அறையின் பெரிய மேசை எல்லாம் அந்த எண்ணைப் பார்த்துத்தான் வரும். நான் அதைப் பல் தேய்ப்பதற்கு முன் பார்ப்பேன். லிப்டில் பார்ப்பேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பார்ப்பேன், பால் பொங்கி வழிந்த நாட்கள் எத்தனையோ. பங்குச் சந்தையில் போட்டவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்பார் என் வீட்டுக்காரர்.

ஒரு காலத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பத்துக் கட்டுரைகளுக்கு மேல் எழுதியிருந்தேன். மேற்கோள்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதிலும் இரண்டு என் பேராசிரியர் பாவம் பார்த்துப் போட்டவை. என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள் மளமளவென்று மேலே போனாள். அவளைப் பாராட்டி நடந்த கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். அன்று வீட்டுக்குப் போய்க் கழிப்பறையில் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். பொறாமை என்றால் அது வயிற்றில் ஓர் இடத்தில் வலிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. இந்த உட்கார முடியாத வியாதியும் அப்போதுதான் முற்றியது.

அந்தச் சமயத்தில்தான் நினைவைப் பற்றி ஒரு சின்ன ஆய்வு நடத்தினோம். கல்லூரி மாணவர்கள் இருபது சொச்சம் பேர். ஒவ்வொருவரின் அம்மாவிடமும் அவர்கள் சின்ன வயதில் நடந்த மூன்று சம்பவங்களைக் கேட்டு வாங்கினோம். அதோடு நடக்காத நான்காவது ஒன்றை நாங்கள் சேர்த்தோம். நீங்கள் சிறுவனாக இருந்தபோது ஒரு பெரிய கடையில் பக்கத்து வீட்டுக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள், நீங்கள் கையை விட்டுவிட்டீர்கள், குழந்தை காணாமல் போய்க் கொஞ்ச நேரத்தில் கிடைத்துவிட்டது. இவ்வளவுதான் கதை. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அம்மாக்களிடம் முன்பே உறுதி செய்துகொண்டோம். பிறகு நான்கையும் ஒரே குரலில் வாசித்துக் காட்டி, ஒவ்வொன்றைப் பற்றியும் என்ன நினைவு இருக்கிறது என்று கேட்டோம். சிலருக்கு நடக்காததும் நினைவுக்கு வந்தது. அது எங்களுக்கு முன்பே பலர் கண்டு சொன்னதுதான், அதில் புதிதாக எதுவும் இல்லை.

கடைசி நாளில் எல்லோரையும் கூப்பிட்டு, நான்காவது கதை நாங்கள் கட்டியது என்று சொல்லிவிட வேண்டும். உடைத்துச் சொல்வது என்போம். எங்கள் தொழிலின் தர்மம் அது. பொய் சொல்லி ஆய்வு செய்யலாம், பொய்யோடு ஆளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. எல்லோரும் வந்தார்கள். டீயும் பிஸ்கட்டும் கொடுத்து உடைத்துச் சொன்னோம். அசடு வழியச் சிரித்துவிட்டுப் போனார்கள். பதினேழாம் எண் கொடுக்கப்பட்டவர் மட்டும் வரவில்லை. காய்ச்சல் என்று மரியாதையாகப் போன் செய்து சொன்னார். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த வாரம் அவருக்குத் தேர்வு. பிறகு விடுமுறை. இதுவரை நடந்தது மறதி. இதற்கு மேல் நான் சொல்வதில் மறதி எதுவும் இல்லை.

ஒரு வருஷம் கழித்து ஜெராக்ஸ் கடை வாசலில் அவரைப் பார்த்தேன். அவராகவே ஆரம்பித்தார்.

“மேடம், அன்னைக்குக் கேட்டீங்களே, அந்தக் கடை விஷயம். அப்ப மங்கலா இருந்துச்சு. இப்ப நல்லா ஞாபகம் வருது.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார், “நீங்க படிச்சதுல ஒண்ணு தப்பு மேடம். அந்தப் பாப்பா கெடைக்கவே இல்ல.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. வருத்தத்தால் என்று சொல்லிக்கொண்டால் எனக்கு நல்லது. ஆனால் அது சந்தோஷம். நாங்கள் கொடுத்தது கையை விட்டது மட்டும்தான். குழந்தை கிடைக்கவில்லை என்பது அவராகச் சேர்த்தது. மஞ்சள் சட்டை அவர் சேர்த்தது. பிஸ்கட் தின்று பிசுபிசுத்த சின்னக் கை அவர் சேர்த்தது. துக்கம் தாங்காமல் பக்கத்து வீட்டார் வீட்டைக் காலி செய்துகொண்டு போனதும் அவர் சேர்த்தது. விதைத்த நினைவு தானாக வளர்கிறது, அதுவும் கெட்ட பக்கமாக வளர்கிறது என்று அதுவரை யாரும் எழுதியதில்லை. எழுத முடியாது. மற்றவர்கள் எல்லோரும் யோக்கியர்கள், கடைசி நாளில் உடைத்துச் சொல்லிவிடுவார்கள். அதனால் அவர்கள் ஒருவரிடமும் ஒரு வருஷத்துத் தரவு கிடையாது.

ஜெராக்ஸ் கடை வாசலிலேயே சொல்லியிருக்கலாம். அரை நிமிஷ வேலை. நான் அவரிடம் கேட்டது, ஓர் அரை மணி நேரம் என் அறைக்கு வர முடியுமா என்று.

கட்டுரை வெளிவந்த ஆண்டிலேயே எண் ஏறத் தொடங்கியது. பங்கேற்பாளருக்கு உண்மை சொல்லப்பட்டதா என்று ஆய்வுப் பத்திரிகையில் கேட்டார்கள். ஆய்வின் முடிவில் சொல்லப்படும் என்று எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் இல்லை. ஆய்வு இன்னும் முடியவில்லை.

அவருடைய அம்மா ஒரு தடவை போன் செய்தார். இல்லாத குழந்தையைப் பற்றிப் பையன் தன்னிடம் துருவித் துருவிக் கேட்கிறான், அவனிடம் என்ன சொல்லி வைத்தீர்கள் என்று கேட்டார். குரலில் கோபத்தைவிடக் கூச்சம்தான் அதிகம். பல்கலைக்கழகம் என்றால் சிலருக்கு அப்படி ஒரு மதிப்பு. இது ஆய்வின் ஒரு பகுதி, நீங்கள் எதுவும் சொல்லிவிட வேண்டாம், சரியான நேரத்தில் நாங்களே சொல்வோம் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். சரி என்று கேட்டுக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாதவர் போலிருக்கிறது, பையன் கேட்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். அம்மா வாயைத் திறக்காததே பெரிய சாட்சி என்று பதினேழு அடுத்த பேட்டியில் சொன்னார். அடுத்த வருஷம் அந்த அம்மாள் இறந்துபோனார். அவரைச் சுற்றியிருந்தவர்களில் அந்தக் கடையைப் பற்றி உண்மை தெரிந்தவள் பிறகு நான் ஒருத்திதான்.

கொஞ்சம் எழுந்து நின்றுகொள்கிறேன். நீங்கள் உட்காருங்கள்.

நீண்டகால ஆய்வு செய்கிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு. ஆள் விட்டுப்போவது. வீடு மாறுவார்கள், போன் எண் மாறும், வேறு ஊர் போவார்கள். நாலு வருஷம் நீரூற்றிய செடியை யாரோ பிடுங்கிக்கொண்டு போன மாதிரி இருக்கும். பதினேழு படிப்பை முடித்து, லிப்டுகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். கதவு சரியாக மூடுகிறதா என்று மற்றவர்கள் ஒரு தடவை பார்த்தால் இவர் மூன்று தடவை பார்ப்பார் என்று நல்ல பெயர். கடல் தாண்டி ஒரு வேலை வந்திருக்கிறது, போகலாம் என்று இருக்கிறேன் என்று ஒருநாள் வந்து சொன்னார். வாழ்த்துச் சொன்னேன். அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். பெரிய துணிக்கடைகளின் கண்ணாடி ஜன்னல்களில் பொம்மைகளுக்கு உடை மாட்டி நிறுத்துவது அவள் வேலை. கலகலப்பானவள், யாருக்கும் பிடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினேழை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். அன்று தங்கையும் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். மற்றொரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு காரணம் சொல்லி மறுபடியும் கூப்பிட்டேன். எங்கள் அம்மாவிடம் நானே பேசினேன். நல்ல பையன், கெட்ட பழக்கம் இல்லை, மாமியார் தொல்லையும் கிடையாது என்றேன். அவர்களுக்கு ஒருவரையொருவர் பிடித்தது நிஜம், அதில் என் கை எதுவும் இல்லை. ஆனால் முடிச்சைப் போட்டது நான்தான். அவர் கடல் தாண்டவில்லை. குடும்பத்தில் ஒருவராகிவிட்டவர் எங்கே விட்டுப்போவார்?

ஆமாம். என் கட்டுரைகளில் வரும் பதினேழாம் பங்கேற்பாளர் என் தங்கையின் கணவர். இது புகாரில் இல்லை. அவ்வளவு தூரம் தோண்டும் சாமர்த்தியம் அந்த மனிதருக்குக் கிடையாது.

மேடம் என்றவர் அக்கா என்று கூப்பிடப் பழகவே இரண்டு வருஷம் ஆனது. நான் மாப்பிள்ளை என்பேன். ஒருநாள் வாய் தவறி, “பதினேழு சாப்பிட்டாச்சா?” என்று கேட்டுவிட்டேன். எதைப் பதினேழு சாப்பிட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கேட்க, எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். வருஷத்துக்கு ஒரு தடவை என் அறைக்கு வந்து ரெக்கார்டருக்கு முன்னால் உட்காருவார். குழந்தைப் பருவ நினைவுகளைப் பற்றிய பொதுவான ஆய்வு என்று நம்புகிறார். ஒவ்வொரு பேட்டிக்குப் பிறகும் மனசு கொஞ்சம் லேசாக இருக்கிறது என்று எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார். அவருக்கு என்னால் உதவியே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

தங்கை வேலை செய்யும் கடைக்குள் இன்றுவரை அவர் காலெடுத்து வைத்ததில்லை. அவளைக் கூட்டிப் போக வந்தால் எதிர்ப்பக்க நடைபாதையில் நிற்பார். ஆரம்பத்தில் அவள் கேலி செய்தாள், இப்போது செய்வதில்லை. என் மகள் சின்னவளாக இருந்தபோது ஒருநாள் நாங்கள் மூவரும் சாலையைக் கடக்க நின்றோம். என் ஒரு கையில் பை, மறு கையில் குடை. மகள் அவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவர் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். வண்டிகள் வரும் பக்கமாகப் போய், தன் உடம்பையே சுவராக வைத்து அவளைக் கடக்க வைத்தார். அவருக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மகள் சொன்னாள், “சித்தப்பாவுக்குக் கையே இல்ல.” அவரைப் பற்றிய என் நாலாவது கட்டுரை அந்த வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. இருப்பதிலேயே அதிக மேற்கோள் பெற்றது அதுதான். என்னைத் துறைத் தலைவர் நாற்காலியில் உட்கார வைத்ததும் அதுதான், உட்கார முடிந்த அளவுக்கு.

போன வருஷப் பேட்டியில் ரெக்கார்டரை நிறுத்திய பிறகு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “அக்கா, காணாமப் போனவங்கள தேடிக் கொடுக்கறவங்க யாராவது தெரியுமா? பழைய வீட்டுப் பக்கம் போய் விசாரிச்சேன். அப்படி ஒரு குடும்பமே இருந்ததில்லைங்கறாங்க. ஊரே மறக்கிற அளவுக்கு அவங்கள ஓட வெச்சிருக்கேன். அவங்க கால்ல விழுந்து ஒரு வார்த்தை கேட்டுட்டா போதும்.”

இப்போதைக்குத் தேட வேண்டாம், மனது தாங்காது என்றேன். தேடிப் போய்ப் பள்ளிக்கூடப் பதிவு, போலீஸ் பதிவு என்று பார்த்துவிட்டால் அவருக்கே சந்தேகம் வந்துவிடும். பிறகு தரவு கெட்டுவிடும். அன்று அவர் போன பிறகு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். எனக்கும் மனசாட்சி உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நேற்று தங்கை என் அறைக்கு வந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், பொம்மைகளுக்குக் குத்தும் குண்டூசிகள் சட்டைக் கையிலேயே இருந்தன. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். கலகலப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

“அக்கா, டாக்டர் முடிவாச் சொல்லிட்டாங்க. இந்த வருஷக் கடைசிக்குள்ளன்னா கொழந்தை உண்டாக ஒரு வாய்ப்பு இருக்காம். அப்புறம் ஆசைப்படாதீங்கன்னுட்டாங்க. இன்னும் நாலு மாசம்கூட இல்ல.”

நான் எழுந்து ஜன்னல் வரை போய் வந்தேன்.

“கொழந்தைன்னு பேச்ச எடுத்தாலே எழுந்து போயிடறார். நேத்து ராத்திரி, ‘என்னை நம்பி ஒரு கொழந்தையக் குடுக்காத’ன்னு சொல்லிட்டு அழுதார். ஏன்னு கேட்டா வாயைத் திறக்கல. உங்கிட்ட மணிக்கணக்கா பேசறாரே, அப்படி என்னதான் சொல்றார்?”

பங்கேற்பாளர் சொல்வதை வெளியில் சொல்வது எங்கள் தொழில் தர்மத்துக்கு விரோதம் என்றேன். அது உண்மையும்கூட, உங்கள் விதிகளிலேயே இருக்கிறது.

“விவரம் வேணாம். நீ மனசப் படிச்சவ. எனக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. காத்திருக்கவா, விட்டுடவா?”

“காத்திரு” என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குண்டூசி ஒன்று என் உள்ளங்கையில் குத்தியது. அவள் போனதும், மறப்பதற்கு முன்னால் அவள் சொன்னதைத் தட்டச்சு செய்துவைத்தேன், பங்கேற்பாளரின் மனைவி கூறியது என்று.

ஆகவே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதரிடம் ஒரு பொய்யைக் கொடுத்தேன். அரை நிமிஷத்தில் திருப்பி வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. அவர் அம்மாவின் வாயை அடைத்தேன். அவரை அருகிலேயே வைத்துக்கொள்ள என் உடன்பிறந்தவளைக் கட்டிக்கொடுத்தேன். அவர்கள் வீட்டில் குழந்தை இல்லாததற்கு நான்தான் காரணம். என் பெயருக்குக் கீழே ஏறிக்கொண்டிருக்கும் எண்ணுக்கும் அதுதான் காரணம். சுயமேற்கோள் பற்றிய உங்கள் கேள்விக்கு இதுவே பதில். நீங்கள் யாரும் எதுவும் எழுதிக்கொள்ளாமல் இருக்கிறீர்கள், பரவாயில்லை, நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் இன்னும் சொல்லவில்லை என்று வக்கீல் ஐயா கேட்கிறார். சொல்லத்தான் போகிறேன். நேற்று தங்கையின் முகத்தைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன். நான் ஒன்றும் கல் நெஞ்சுக்காரி இல்லை. ஆனால் நீங்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். இத்தனை வருஷம் ஒரு பொய் நினைவைச் சுமந்தவரிடம் அது பொய் என்று சொன்னால் அவருக்கு என்ன ஆகும் என்பது உலகத்தில் யாருக்கும் தெரியாது. நினைவு உதிர்ந்துவிடுமா, இல்லை, பொய் என்று தெரிந்த பிறகும் அந்தக் குழந்தை அவருக்குள்ளேயே இருக்குமா? அதை அளக்காமல் வாய்க்கு வந்தபடி போட்டு உடைத்தால், அவர் பட்ட கஷ்டமெல்லாம் விழலுக்கு இறைத்த நீராகிவிடும். அவருக்கு அந்த அநியாயத்தைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

முறைப்படி செய்ய வேண்டும் என்றால், சொல்வதற்கு முன் இடைவெளி விட்டு இரண்டு பேட்டிகள் எடுக்க வேண்டும். பிறகு சொல்ல வேண்டும். உடனே ஒரு பேட்டி. என்னை மன்னிப்பாரா என்பதற்கும் தனியாக ஒரு கேள்வித்தாள் தயார் செய்திருக்கிறேன். ரெக்கார்டர் இதோ பையில்தான் இருக்கிறது, புதியது, குரல் தெளிவாகப் பதியும். அதுவரை உங்களில் யாரும் அவரிடமோ தங்கையிடமோ போய் எதையும் சொல்லிவிடாதீர்கள். அவர் அதை முதல் தடவையாக என் வாயிலிருந்துதான் கேட்க வேண்டும். இது ஒன்றுதான் என் வேண்டுகோள்.

அதற்குப் பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். எனக்கு வேண்டியது ஆறு மாதம். இத்தனை வருஷம் பொறுத்தவர்கள்தானே, ஆறு மாதத்தில் யார் குடி முழுகிவிடப் போகிறது?